கும்மி ஆடாத கிட்னி

...மூஞ்சிய மட்டும் வெட்டி எடுத்துட்டுப் போயிருக்கறாங்க அம்மணி! மூஞ்சிய மட்டும். ஃப்ளெக்ஸ் அப்பிடியே நிக்குது, சட்டம் நிக்குது, எழுத்து நிக்குது. ஓரத்துல நான் கையெடுத்துக் கும்புட்டுட்டு நிக்கறனே, அந்தப் போட்டாவுல ஒரு கீறல் கெடையாது. நடுவால என்ர புள்ளையோட மூஞ்சி இருந்த எடத்துல மட்டும் வட்டமா ஒரு ஓட்டை. ஓட்டைக்குள்ள பாத்தா எங்கூட்டு வாசப்படி தெரியுது. நேத்துக் காத்தால பல்லு வெளக்கிட்டே கேட்டத் தொறக்கறேன்... எப்பிடி இருக்குமுங்க எனக்கு, நீங்களே சொல்லுங்க.

உக்காருங்க, உக்காருங்க. உங்க டோக்கன் எத்தனைங்க? அறுவத்தி நாலுங்ளா. இப்பத்தான் நாப்பத்தொம்போது உள்ள போயிருக்குது. இந்தக் கிளினிக்குல டோக்கனுங்கறது கைக்கு ஒரு ஆதரவுக்குக் குடுக்கறதுங்க. நாலு வருசமா வாரனுங்க நானு. எந்த ஏசி ஓடும், எந்த நாற்காலிக்குக் காலு ஆடும், எல்லாம் எனக்கு அத்துபடி. நீங்க உக்காந்திருக்கறது ஆடும். இக்கட்டால வாங்க.

சோமனூருங்க நமக்கு. டவுனுக்குள்ள இல்லீங்க, ரெண்டு மைலு உள்ள தள்ளி. பேரு நஞ்சுண்டன். பன்னெண்டு தறி ஓடுது. பொண்ணு மதிவதனி, பதிமூணு வயசு. ஒம்போதுல கிட்னி மாத்துனது. இப்ப உள்ள கவுன்சிலிங் ரூம்ல உக்காந்து ஃபாரம் எழுதிட்டிருக்கறா. இது அவ பைங்க, மடியில வெச்சிருக்கறேன். கீழ வெச்சா கிருமி. நீங்க எந்தூரு? கோபியா! அங்கிருந்து விடியறதுக்கு முந்தியே கெளம்பியிருப்பீங்களே. ஆமாங்க, ரத்தம் குடுத்துட்டுத்தான மாத்தரை போடோணும். பாப்பாவுக்கு எப்ப பண்ணுனாங்க? மூணு மாசமா... பேரு? இனியா. நல்ல பேரு. ஆரு குடுத்தது, நீங்களேங்ளா? அப்ப உங்ககிட்டப் பேசலாமுங்க. குடுத்தவிய மனசு குடுத்தவியளுக்குத்தான் தெரியும். எம்பொண்ணுக்கு நாந்தான் குடுத்தேன். எடது பக்கத்துது.

நான் அவகிட்டச் சொல்லியே வெச்சிருக்கறனுங்க. சாமி, நீ சாப்படறது உனக்கு, தண்ணி குடிக்கறது எனக்கு. மூணு லிட்டரு, ஒரு டம்ளர் கொறையக் கூடாது. உன்ர வயித்துல இருந்தாலும் பொருளு என்ரது. கிட்னிக்கு வயசு நாப்பத்தாறு, புள்ளைக்குப் பதிமூணு. ரெண்டு பேரையும் ஒரே மாதிரி மேய்க்க முடியுமுங்ளா?

ஆ, ஃப்ளெக்ஸு. ஃப்ளெக்ஸு எதுக்குன்னு பாக்கறீங்ளா? புள்ளைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறப்ப டாக்டரம்மா சொன்னாங்க, ஒரு மூணு மாசத்துக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்க கூட்டத்தக் கொஞ்சம் தள்ளி வெய்யுங்கன்னு. நம்ம பக்கம் ஒறம்பரையத் தள்ளி வெக்கறது ஆவற காரியமுங்ளா? சீக்குக் கேக்க வாராங்கன்னா ஒரு காருக்கு ஏழு பேரு. ஆப்பிளு, ஆர்லிக்ஸு, கோயில் துண்ணூறு, அதுக்கு மேல ஆளுக்கொரு இருமல். வாயில சொன்னா கோவிச்சுக்குவாங்க. கல்யாணத்துக்கு வராம நின்னுபோவாங்க. அதையே எழுதி வெச்சா ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்கன்னு கணக்குப் போட்டேன். எட்டுக்கு ஆறுல அடிச்சேன்.

வாசகம் நானே எழுதுனதுங்க. 'எங்கள் இல்லத்தில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை பெற்ற குழந்தை உள்ளது. சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள், பூ, பழம், பிரசாதம், நாய், பூனை கொண்டு வருபவர்கள் உள்ளே வர வேண்டாம். இவண், சிறுநீரகம் வழங்கிய தந்தை நஞ்சுண்டன்.' எப்பிடி? ஒரு எழுத்து எச்சு கெடையாது.

ஆனா கடைக்கார சபரீசு ஒரு வேலை பண்ணிப்போட்டானுங்க. மஞ்ச நீராட்டுக்கு அடிக்கற டிசைன எடுத்து அதுல எழுத்த மாத்துனவன், மேல இருந்த 'வருக வருக'வ எடுக்காம உட்டுட்டான். மேல வருக வருக, கீழ வர வேண்டாம். பதினஞ்சு நாளுக்கு வந்தவிய எல்லாம் ரோட்டுலயே நின்னு மேலயும் கீழயும் படிச்சுட்டு நின்னாங்க. பாதிப்பேரு மேல மட்டும் படிச்சுட்டு உள்ள வந்துட்டாங்க. அப்பறம் வேற அடிச்சோம். வெயில்ல சாயம் போயிருமுங்க, அதனால வருசா வருசம் ஆடியில புதுசு.

...இல்லீங்க, மூணு மாசத்தோட எடுக்கல. எப்பிடிங்க எடுக்கறது? கிருமிக்குத் தெரியுமா மூணு மாசம் முடிஞ்சுதுன்னு?

போட்டா மட்டும் மாத்தறதில்லீங்க. அந்த ஒம்போது வயசுப் போட்டாதான். ஆசுபத்திரிக் கவுனு, மாத்தரைக்கு மூஞ்சி பூசணிக்காயாட்ட ஊதிப்போயி, கண்ணே தெரியாது. இப்ப நல்லா வத்தி லட்சணமாத்தான் இருக்கறா. ஆனா லட்சணமான மூஞ்சியப் போட்டா ஆருங்க பயப்படுவாங்க? அவ சொன்னா, அப்பா, நான் டெய்லி என்ரயவே பாத்துட்டுப் பள்ளிக்கோடம் போறேன்னு. சரி பாத்துட்டுப் போ, என்ன கெட்டுப்போச்சுன்னேன்.

அந்த மூஞ்சியத்தான் வெட்டிப்போட்டாங்க. வெட்டுனது ஆருன்னு எனக்குத் தெரியும். எதுத்த ஊட்டு மனோஜ்குமாரு. ஃப்ளெக்ஸு அவங்கூட்டப் பாத்தாப்புல இருக்குது. அவம்பொண்ணு கனிஷ்காளும் எம்பொண்ணும் ஒரே கிளாஸ். மின்னெல்லாம் ரெண்டும் ஒட்டுக்காத் திரியும். சின்னதுல அந்தப் புள்ள ஒரு நாய்க்குட்டியத் தூக்கீட்டு வந்துச்சு, மதிக்குக் காட்டறேன்னு. நான் கேட்டுலயே நிறுத்தி, கண்ணு, படின்னு ஃப்ளெக்ஸக் காட்டுனேன். எழுத்துக் கூட்டிப் படிச்சுது. நாய், பூனை வரைக்கும் படிச்சுட்டுத் திரும்பிப் போயிருச்சு. அதுக்குப் போயி மனோஜ்குமாரு நாலு வருசமா என்ரகூட நாயம் பேசறதில்லீங்க. ஒரு நாய்க்குட்டிக்கு நாலு வருசம்!

ஆனா வெட்டு இருக்குதுங்ளே, அது சுத்தம். துணியில பிசிறு பாத்தே முப்பது வருசம் ஓட்டுனவனுங்க நானு. பிளேடு இல்ல, கத்தி இல்ல. தறியில நூலு வெட்டற சின்னக் கத்திரி. கொஞ்சங் கொஞ்சமா, பொறுமையா, கோணாம வெட்டியிருக்குது. மனோஜ்குமாருக்கு ஏதுங்க அந்தக் கத்திரி? அவன் கோழித்தீவன யாவாரம். எங்க தறிக்கொட்டாய்லதான் அது ஏழெட்டுக் கெடக்கும். அப்ப எங்க கொட்டாய்க்குள்ள பூந்து கத்திரிய எடுத்து... நாயி கொலைக்கல பாருங்க, அதுதான் எனக்குப் புரியவே மாட்டீங்குது. நாயா? எங்க நாயிதானுங்க, கொட்டாய்ல கட்டியிருக்குது. அது ஃப்ளெக்ஸுக்கு மின்னையே வந்த நாயிங்க. அந்த நாயத்த உடுங்க.

இந்த ஃபாரத்தப் பாருங்க. உங்களுக்கும் குடுப்பாங்க, ஒரு வருசம் போகட்டும். 'மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் குழந்தைகளின் வாழ்க்கைத் தரம்.' பெத்தவங்களுக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணு. ஒருத்தரது ஒருத்தரு பாக்கக் கூடாதாமா. எம்பொண்ணு வாழ்க்கையப் பத்தி எனக்குத் தெரியாதது அவளுக்கு என்ன தெரியும்? நானே ரெண்டையும் எழுதிக் குடுத்துர்றேன், நேரம் மிச்சம்னேன். கவுன்சிலரம்மா சிரிச்சுட்டு அவள உள்ள கூட்டிட்டுப் போயிருச்சு. போயி முக்காமணி நேரமாச்சு. நான் பத்து நிமிசத்துல முடிச்சுப்போட்டேன்.

மொதக் கேள்வி. 'நூறு மீட்டருக்கு மேல் நடப்பதில் உங்கள் குழந்தைக்குச் சிரமம் உள்ளதா?' ஒருபோதும் இல்லை, அரிதாக, சில சமயம், அடிக்கடி, எப்போதும். அஞ்சுல ஒண்ணு டிக் போடோணும். எனக்கு எப்பிடிங்க தெரியும்? நாந்தான் அவள நடக்கவே உடறதில்லியே. பள்ளிக்கோடத்துக்கு வண்டி, கடைக்கு வண்டி, கோயில் நோம்பிக்கு வண்டி. நடந்தா சிரமமாத்தான் இருக்கும்னு 'அடிக்கடி' போட்டேன்.

ரெண்டாவது. 'விளையாட்டுகளில் பங்கேற்பதில் சிரமம் உள்ளதா?' எப்போதும். பி.டி. பீரியடுல வேப்பமரத்தடியில உக்கார வெச்சர்றாங்க. வெளாடற புள்ளைக எல்லாம் கழுத்து ஐடி கார்டக் கழட்டி இவகிட்டக் குடுத்துட்டு ஓடிருது. ஒருநாளு நேரத்துலயே கூப்படப் போனேன். உக்காந்திருக்கறா, கழுத்துல இருவது ஐடி கார்டு. இருவது மூஞ்சி மாட்டிட்டு ஒரு புள்ள. ஏனுங்க, இதெல்லாம் ஒரு பள்ளிக்கோடமுங்ளா? ஒரு கொழந்தைய இப்பிடியா ஒதுக்கி வெக்கறது?

...ஆமாங்க, டாக்டரு ஓடலாம்னுதான் சொன்னாங்க. ஆறாவது மாசமே. வயித்துல அடி படாம என்ன வேணாலும் வெளாடட்டும்னாங்க. நாந்தான் ஹெட்மாஸ்டரைப் பாத்து ஒரு லிஸ்டு குடுத்துட்டு வந்தேன். நாப்பத்தி மூணு விதி. லேமினேசன் பண்ணிக் குடுத்தேன், கிளாஸ் டீச்சர் மேசையில கண்ணாடிக்கடியில இருக்குது. ஓடக் கூடாது, ஓடற புள்ளைக பக்கத்துல நிக்கக் கூடாது, ஆரும் இவ டிபன் பாக்ஸத் தொடக் கூடாது. அதுக்காவ மரத்தடியில உக்கார வெக்கோணும்னு நாஞ் சொன்னனா? நிழல்ல உக்கார வெக்கச் சொன்னேன். அவ்வளவுதானுங்க.

மூணாவது. 'மற்ற குழந்தைகள் உங்கள் குழந்தையுடன் நட்பாக இருக்க விரும்புவதில்லை.' எப்போதும்! ரெண்டு டிக்குப் போட்டேன், ஒண்ணு பத்தாதுன்னு. போன பொறந்த நாளுக்குக் கேக்கு வாங்கி வெச்சு, கிளாஸ்ல பத்துப் புள்ளைகளக் கூப்பிட்டா. ஒண்ணும் உள்ள வல்லீங்க. ரோடு வரைக்கும் வந்துச்சுக. அஞ்சாறு புள்ளைக, கையில பொட்டலத்த வெச்சுட்டு, ஃப்ளெக்ஸு முன்னால நின்னு ஒண்ணையொண்ணு கேட்டுக்குது. உனக்குச் சளி இருக்குதா, உனக்கு இருக்குதான்னு. ஒரு புள்ள மூக்க உறிஞ்சிச்சு. எல்லாம் திரும்பிப் போயிருச்சுக. மதி சன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தா. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஈவு எரக்கமே இல்லீங்க.

பாப்பா! இனியா! நாற்காலி மேல ஏறாத சாமி, கீழ எறங்கு. அம்மணி, புடிங்க அவள. குதிச்சா கிட்னி அதிராதுங்ளா? நீங்க சிரிக்கறீங்க. நானும் மூணாவது மாசத்துல சிரிச்சவந்தானுங்க.

நாலாவதுதான் எனக்குக் கோவம். 'ஆடல், பாடல், விழாக்கள் போன்ற நிகழ்ச்சிகளில் பங்கேற்க முடிகிறதா?' கும்மி வந்துச்சுங்ளா உங்க கோபிப் பக்கம்? வள்ளி கும்மி? அங்கயும் இருக்குமே. இப்ப எந்த ஊர்லதான் இல்ல. எங்கூர்ல மாரியம்மன் கோயில் மைதானத்துல ரெண்டு மாசமாப் பழக்கறாங்க. பொழுதோட ஏழு மணிக்கு ஆரம்பிச்சு ஒம்போது வரைக்கும். முப்பத்தாறு பொண்ணுக, கிளிப்பச்சைச் சேலை, வர்ற ஞாயித்துக்கெழம அரங்கேத்தம். ஊரே ஒட்டுக்கா நிக்கும். இவளும் ஆடோணும்னு ஒத்தக்கால்ல நின்னா. கும்மி வாத்தியாரு இவளச் சேத்தவே இல்லீங்க. ஊர்ல இருக்கற பொண்ண எல்லாம் சேத்துனாரு, என்ர புள்ளைய மட்டும் உட்டுட்டாரு. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க!

...இல்ல, அவராச் சேத்த மாட்டேன்னு சொல்லல. இவ பேரு குடுத்துட்டு வந்துட்டா, எனக்குத் தெரியாம. நான் ஃபோனப் போட்டேன். ஏனுங்க வாத்தியாரே, புள்ள கீழ விழுந்து கிட்னிக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நீங்க ஒண்ணு கழட்டிக் குடுப்பீங்ளான்னு கேட்டேன். கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லோணுமா இல்லீங்ளா? டக்குனு ஃபோன வெச்சுட்டாரு. மரியாத தெரியாத மனுசன்.

நீங்களே ரோசன பண்ணிப் பாருங்க. நாப்பத்திரெண்டு வருசம் என்ர வயித்துல இருந்த கிட்னிங்க அது. தறிக்கொட்டாய்ல நின்னுச்சு, நிழல்ல உக்காந்துச்சு, நேரத்துக்குப் படுத்துச்சு. ஒரு நாளு கும்மி ஆடல. திடீர்னு அதக் கூட்டிட்டுப் போயி, குனிஞ்சு நிமுந்து கை தட்டி, ரெண்டு மணி நேரம் சுத்தி வான்னா அது என்னங்க நெனைக்கும்? அதுக்கு மேல எட்டு மணிக்கு மாத்தரை. காத்தால எட்டு, பொழுதோட எட்டு, ஒரு நிமிசம் தள்ளக் கூடாதுன்னு வெச்சிருக்கறனுங்க. நடுக் கும்மியில எட்டடிச்சா ஆரு தவுல நிறுத்துவாங்க?

ஒண்ணு சொல்றேன், வேற ஆருகிட்டயுஞ் சொன்னதில்ல. அஞ்சாவது கேள்வி. 'குழந்தை பயமாகவோ கவலையாகவோ உணர்கிறதா?' எப்போதும்னு டிக்குப் போட்டுட்டேன். போட்ட பொறவுதான் பாக்கறேன், அது அவளக் கேக்கறாங்க. டாக்டரு சொன்னாங்கல்லங்க உங்களுக்கும்? இந்தக் கிட்னி பதினஞ்சு வருசம் ஓடலாம், இருவது ஓடலாம், அப்பறம் பாத்துக்கலாம்னு. பதினஞ்சுன்னா இவளுக்கு இருவத்தி நாலு. கல்யாண வயசுங்க. அப்பறம் பாத்துக்கலாம்னா எத வெச்சுப் பாக்கறது? தறியில ஒரு சாமான் ஒடைஞ்சா சோமனூர்ல கடைக்குக் கடை உதிரி கெடைக்கும். என்ரகிட்ட ஒண்ணுதான் மிச்சம் இருக்குது, அத நான் ஓட்டிட்டிருக்கறேன். கீதாளுக்குச் சக்கரை. என்ர சம்சாரமுங்க, கீதா. அப்ப இருக்கறத தேயாம வெச்சுக்கோணுமா இல்லியா? ஓடாத வண்டிக்கு டயரு தேயாதுங்க. அவ்வளவுதான் என்ர பாலிசி.

பலன் இருக்குது பாருங்க! காத்தால டாக்டரம்மா ரிப்போர்ட்டப் பாத்துட்டு, ரெண்டு மாசமா எல்லாமே நல்லா இருக்குதே, எடை ஏறியிருக்குது, பசிக்குதுங்கறா, பிரசரும் நல்லா இருக்குது, என்ன பண்றீங்கன்னு கேட்டாங்க. கட்டுப்பாடுங்கன்னேன். அதையே பண்ணுங்கன்னுட்டாங்க. மதி குனிஞ்சு சிரிச்சுக்கிட்டா. அப்பன நெனச்சுப் பெருமையாட்ட இருக்குது.

பொழுதோட மாத்தரை மட்டும் என்ர கையில இல்லீங்க. எட்டு மணி தறிக்குச் சிப்டு மாறற நேரம், ஏழுல இருந்து ஒம்போது வரைக்கும் நான் கொட்டாய்ல நிக்கோணும். அதனால கீதா குடுத்துட்டு, மாத்தரையோட கையப் போட்டா எடுத்து எட்டு மணிக்கு வாட்சப்புல அனுப்போணும்னு ரூல் போட்டிருக்கறேன். இந்தா பாருங்க, ஒரு நாளு தப்பலீங்க. எட்டு, எட்டு, எட்டு ஒண்ணு, எட்டு. போட்டா எடுக்கத்தான் அவளுக்குத் தெரியல. இத்தனை வெளிச்சம் எதுக்கு? எங்கூட்டு டியூப்லைட்டு இப்பிடி எரிஞ்சு நான் பாத்ததே இல்ல. பின்னால பாருங்க, ஒரே காலா இருக்குது. டி.வி.க்கு முன்னால நிக்க வெச்சு எடுப்பாளாட்ட இருக்குது. எந்த சீரியல்ல இத்தன பேரு செருப்பில்லாம மண்ணுல நிப்பாங்கன்னு கேக்கறீங்ளா? அதுதான் எனக்கும்...

சரி உடுங்க. உங்களுக்கு ஒரு ஒத்தாசை பண்றேன். பாப்பாவுக்கும் ஒரு ஃப்ளெக்ஸு அடிச்சர்லாம். வாசகம் சபரீசுகிட்ட கம்ப்யூட்டர்லயே இருக்குது, பேரையும் போட்டாவையும் மாத்துனாப் போதும். இவண்ங்கற எடத்துல தாய்னு போட்டுக்கலாம். நேத்தே நான் எனக்குப் புதுசு சொல்லிப்போட்டேன், இந்த வாட்டி பத்துக்கு எட்டு, மூஞ்சி இன்னும் பெருசா. வெட்டோணும்னா ஏணி வேணும். சாயங்காலம் போறப்ப வாங்கிட்டுப் போறேன். நீங்க நெம்பரு குடுங்க, எழுதிக்கறேன். என்ர பேனாவ அந்த சிஸ்டரு வாங்கிட்டுப் போயிருச்சு. மதி பையில இருக்கும், இருங்க.

பாத்தீங்ளா எப்பிடி அடுக்கி வெச்சிருக்கறான்னு? மாத்தரை டப்பா, தண்ணி, கை கழுவற மருந்து, ஒரு மாஸ்க் பாக்கெட்டு. பேனா அடியில... இது என்ன கெட்டியா? எட்டா மடிச்சு... பிளாஸ்டிக்குத் தாளாட்ட...

...

இது... ஃப்ளெக்ஸுங்க.

வட்டமா இருக்குது. ஆமாங்க. மதி மூஞ்சிதான். ஊதுன மூஞ்சி.

இத எடுத்து இவ எதுக்கு... அப்ப மனோஜ்குமாரு...

இருங்க. பின்பக்கம் வெள்ளையா இருக்குதுல்ல, அதுல என்னமோ வரைஞ்சிருக்கறா. வட்டம். வட்டத்தச் சுத்திப் புள்ளி. கண்ணாடி போடல, நீங்க கொஞ்சம்... இல்ல, இல்ல, தெரியுது. முப்பத்தி... முப்பத்தேழு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பேரு. நந்திதா. பூஜிதா. கனிஷ்கா. கனிஷ்காளுக்கு அந்தப் பக்கம் 'நான்'. நான்னு எழுதியிருக்கறா. கீழ அடவு எழுதியிருக்கறா, ரெண்டு முன்னால, ஒண்ணு பின்னால, குனிஞ்சு தட்டு. இது என்ன ஓரத்துல செகப்பு மையில? 'எட்டு மணி, மாத்திரை, வாத்தியார் நிறுத்துவார்.'

...

அந்தப் போட்டாவ ஒருக்காக் காட்டுங்க. என்ர ஃபோனுதான், ஆமா, என்ர கையிலதான் இருக்குது. இந்தக் காலுக எல்லாம்... மண்ணுல... டி.வி. இல்லீங்க இது.

ரெண்டு மாசமா, அம்மணி. ரெண்டு மாசமாக் கும்மி ஆடியிருக்குது அது. என்ர கிட்னி. ரிப்போர்ட்டு நல்லா இருக்குதுன்னு நான் கட்டுப்பாடுங்கறேன், அவ குனிஞ்சு சிரிக்கறா.

கீதாளும் சேந்துதான். போட்டா எடுத்ததே அவதானுங்ளே.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? டோக்கன் இன்னும் அம்பத்தி ரெண்டுதானுங்க. பாப்பாவையா? அந்த வராண்டாவுலயா? ஓட உடப் போறீங்ளா? ...இல்லீங்க, நான் ஒண்ணுஞ் சொல்லல. நெம்பரு வேண்டாமுங்ளா. சரீங்க. போயிட்டு வாங்க. வழுக்கும், தண்ணி தெளிச்சிருக்கறாங்க... இல்ல, ஒண்ணுமில்ல, ஓடட்டும்.

சிஸ்டர்! ஏனுங் சிஸ்டர், இந்தப் பெத்தவங்க ஃபாரம் வேற ஒண்ணு கெடைக்குமுங்ளா? இது பேனாவுல எழுதிப்போட்டேன். மொதக் கேள்வியில இருந்தே தப்பாப் போச்சுங்க. இல்ல, அடிச்சுத் திருத்த முடியாதுங்க, எல்லாமேதான். எனக்கு எழுதத் தெரிஞ்சது அஞ்சாவது கேள்வி, அந்தப் பயம் ஒண்ணுதானுங்க. அதுக்கு ஒரு ஃபாரம் தனியா இருந்தாக் குடுங்க.

...

அலோ, சபரீசா? நஞ்சுண்டன். அது, நேத்துச் சொன்னனல்ல, பத்துக்கு எட்டு. பிரிண்ட் போட்டுட்டியா? போட்டாச்சா. ...காயுதா. ...இல்ல இல்ல, வேண்டாம்னு சொல்லல, வாங்கிக்கறேன். சட்டம் அடிக்காத. சுருட்டி வை. தறிக்கொட்டாய்ல மேக்கால மூல ஒழுகிட்டே இருக்குது, கூரை மேல விரிச்சுக்கலாம். எழுத்து கீழ பாத்தாப்புல வரட்டும். வானத்துக்கு என்னத்தப் படிச்சுக் காட்டறது? ...பழசையும் எறக்கோணும், ஏணியோட ஆளு அனுப்பு. ...ஆரு வெட்டுனதுன்னு தெரிஞ்சுதாவா? தெரிஞ்சுது, தெரிஞ்சுது. நல்லா வெட்டத் தெரிஞ்ச ஆளுதான். வெய்யி ஃபோன.

வா சாமி. முடிஞ்சுதா? முக்காமணி நேரம் அப்பிடி என்ன எழுதுன? ...கேக்கல, கேக்கல. நாம் பாக்கக் கூடாதுன்னு தெரியும். பையா? பை பத்திரமா இருக்குது. தொறக்கல. ...இல்ல, தொறந்தேன். பேனாவுக்கு.

ஏஞ்சாமி. எட்டு மணிக்கு வாத்தியாரு தவுல நிறுத்தறாரா? ...முப்பத்தாறு பேரும் நிக்கறாங்களா, உனக்காவ? ...தண்ணி குடிக்கறாங்களா. எல்லாருமா? ...வாத்தியாருமா. அந்த மனுசன் என்ரகிட்ட ஒண்ணுமே சொல்லலியே. ...நான் சொல்ல உட்டனான்னா? அதுஞ் சரிதான்.

ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு? ஏழா. சரி, அப்ப எட்டு மணி மாத்தரைய நான் கொண்டாரேன். ...வேண்டாமா? ஏன்? ...கனிஷ்காகிட்டக் குடுத்து வெச்சிருக்கறியா. அந்தப் புள்ளைக்கு நேரந் தெரியுமா? ...ரெண்டு மாசமா அதுதான் அலாரம் வெச்சுக் குடுக்குதா.

அப்ப நான் சும்மாப் பாக்க வரலாமா? கூட்டத்துல ஓரமா நின்னுக்கறேன். ...என்ன? சளி, இருமல் உள்ளவங்க வர வேண்டாமா? எனக்கு எங்க சாமி சளி? ...மூக்கு ஒழுகுதா? இல்ல சாமி, அது சளி இல்ல. இந்த ஆசுபத்திரி ஏசி.